பொட்டலத்தின் பின்பக்கத்தில் ஒரு வரி

அந்த வரியை நான் முதலில் படித்தது மாமாவின் தீவனக் கொட்டகையில். மக்காச்சோள மூட்டைகளுக்கும் சோயா புண்ணாக்கு மூட்டைகளுக்கும் நடுவில் ஒரு பலகை போட்டு வைத்திருப்பார். அதன் மேல் வைட்டமின் டப்பாக்கள், கிளிஞ்சல் தூள், ஒரு பழைய தராசு. அன்றைக்குப் புதிதாக வெள்ளி நிறத்தில் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "இதப் பாரு அம்மணி. இப்பெல்லாம் தீவனத்துல மருந்தே கலக்கறதில்ல. இதுதான். அத்தனையும் நல்ல பாக்டீரியா, நீ பாடம் நடத்தற அதே பாக்டீரியா." சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நாமக்கல்லை ஒட்டிய கிராமம், 10,000 முட்டைக்கோழி. அந்தப் பக்கத்துக் கணக்கில் அது சின்னப் பண்ணைதான். ஆனால் சின்னப் பண்ணைக்காரர் ஒருவர் தானாக யோசித்து, செலவு கூடினாலும் பரவாயில்லை என்று ஆன்டிபயாடிக்கைத் தீவனத்திலிருந்து எடுத்திருக்கிறார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பொட்டலத்தைத் திருப்பினேன். வரிசையாகப் பெயர்கள்: லாக்டோபேசில்லஸ், பேசில்லஸ் சப்டிலிஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஃபீசியம், அப்புறம் ஈஸ்ட். ஒரு டன் தீவனத்துக்கு 500 கிராம். ஒரு கிராமில் 100 கோடி உயிருள்ள நுண்ணுயிரிகள். கடைசியில், தடித்த எழுத்தில் அந்த வரி: "ஆன்டிபயாடிக் மருந்துகளோடு சேர்த்தும் கொடுக்கலாம், வீரியம் குறையாது."

மாமாவுக்கு அது ஒரு வசதி. கோழிக்குச் சளியோ கழிச்சலோ வந்தால் டாக்டர் தண்ணீரில் மருந்து கலக்கச் சொல்வார், அந்த 5 நாளும் இந்தப் பொடியை நிறுத்த வேண்டியதில்லை. எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. பாக்டீரியாவைக் கொல்வதற்கென்றே இருக்கிற மருந்து, இந்தப் பொட்டலத்தில் இருக்கிற பாக்டீரியாவை மட்டும் கொல்லாது என்றால், ஏன் கொல்லாது? பஸ் ஏறி வீடு வரும்வரை இதே கேள்வி. அடுத்த முறை போனபோது ஒரு பொட்டலத்தைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

பிறவிக் குணமும் கைமாற்றும்

ஒரு பாக்டீரியா ஒரு மருந்துக்குச் சாகாமல் இருப்பதற்கு இரண்டு விதமான காரணங்கள் உண்டு. வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒன்றைப் பிறவிக் குணம் என்றும் இன்னொன்றைக் கைமாற்று என்றும் சொல்வேன். தயிரிலும் இருக்கிற லாக்டோபேசில்லஸ் குடும்பத்தில் பல இனங்கள் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்குச் சாகாது. அவற்றின் செல் சுவர் கட்டப்பட்டிருக்கும் விதமே வேறு, வான்கோமைசின் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டிய முனை அங்கே கிடையாது. அந்தக் குணம் அதன் உடம்போடு பிறந்தது, அடுத்த பாக்டீரியாவுக்கு எடுத்துக் கொடுக்க முடியாது. ஈஸ்ட் இன்னும் சுலபம். அது பூஞ்சை இனம், பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த மாதிரிக் காரணத்தால் சாகவில்லை என்றால் யாருக்கும் தொந்தரவில்லை.

கைமாற்று அப்படியில்லை. எதிர்ப்புத் திறனுக்கான ஜீன் எங்கிருந்தோ வந்து, பிளாஸ்மிட் என்கிற சின்ன டி.என்.ஏ. வளையத்திலோ, தாவும் ஜீன் துண்டு ஒன்றிலோ உட்கார்ந்திருக்கும். வந்த வழியிலேயே அது அடுத்த கைக்கும் போகும். இரண்டு பாக்டீரியா ஒட்டி நின்றால் போதும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு நகல் போய்ச் சேரும். கொடுத்தது எதையும் இழக்காது. பெற்றது இனி தானும் கொடுக்கும். இப்படித் தாவும் துண்டுகளில் பேர்பெற்றது டி.என்.916. 1981-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் டான் கிளெவெல்லின் குழு என்டரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியா ஒன்றில் இதைக் கண்டது. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைச் செல்லாக்காசாக்கும் ஜீனைச் சுமந்துகொண்டு, இனம் விட்டு இனம் தாவக்கூடியது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பொட்டலத்தில் இருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஃபீசியம் என்ற பெயர் 1984-லேயே மாறிவிட்டது. அதன் இன்றைய பெயர் என்டரோகாக்கஸ் ஃபீசியம். பழைய பெயரில் பார்த்தால் ஏதோ பால் புளிக்கவைக்கும் சாதுவான உயிரி போல் தெரியும். புதிய பெயரைச் சொன்னால் எந்த மருத்துவமனை நுண்ணுயிரியலாளருக்கும் உடனே வார்டு ஞாபகம் வரும்: மூத்திரக் குழாய் போட்ட நோயாளி, இதய வால்வில் தொற்று, வான்கோமைசினுக்கும் அடங்காத ரகம். எல்லா என்டரோகாக்கஸும் அப்படியில்லை என்பதும் உண்மை. நம் குடலிலும் கோழியின் குடலிலும் அது சாதாரணமாகக் குடியிருக்கிறது, கோழிக்கு உண்மையில் நன்மை செய்கிற ரகங்களும் இருக்கின்றன. அதனால்தான் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பல நல்ல பாக்டீரியா இனங்களைப் பொதுவாகப் பாதுகாப்பானவை என்று பட்டியலில் வைத்தபோதும் இந்த இனத்தை அதில் சேர்க்கவில்லை. தீவனத்தில் போட வேண்டுமானால் அந்தக் குறிப்பிட்ட ரகம் மருத்துவமனைக் கூட்டத்தைச் சேர்ந்ததில்லை என்று தனியாகக் காட்டச் சொல்லி 2012-ல் ஒரு வழிகாட்டுதலையே வெளியிட்டது. ஆக, பெயரைச் சரியாக எழுதுவதும் பாதுகாப்பில் சேர்த்திதான். ஒரு வழக்கொழிந்த பெயர் பொட்டலத்தின் மேல் இருப்பதைச் சின்ன விஷயம் என்று என்னால் விட முடியவில்லை.

வளையம் இல்லாத வில்லை

பொடியைக் கரைத்து, நீர்த்து, தட்டுகளில் பரப்பினேன். மறுநாள் இரண்டு விதமான கூட்டங்கள் வந்திருந்தன. ஒன்று வறண்டு சுருங்கி, ஓரம் ஒழுங்கில்லாமல், அப்பளம் பொரிந்தது போல இருந்தது. அது பேசில்லஸ். மற்றது குண்டூசித் தலை அளவுக்கு, உருண்டையாக, பளபளவென்று. அதை எடுத்து, என்டரோகாக்கஸ் வளர்ந்தால் கறுத்துப்போகிற, பித்த உப்பு கலந்த எஸ்குலின் வளர்ப்பு ஊடகத்தில் போட்டேன். காலையில் குழாய் மை கொட்டியது போலக் கறுத்திருந்தது. நுண்ணோக்கியில் ஜோடி ஜோடியாக உருண்டைகள். என்டரோகாக்கஸ்தான். லாக்டோபேசில்லஸ் எனக்குக் கிடைக்கவே இல்லை. அதற்கு என் ஊடகம் காரணமா, பொட்டலம் காரணமா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை.

அந்த உருண்டையை ஒரு தட்டு முழுக்கப் பரப்பி, மருந்து ஊறிய காகித வில்லைகளை வைத்தேன். 6 மில்லிமீட்டர் விட்டம் உள்ள சின்ன வெள்ளை வில்லைகள், மேலே இரண்டு மூன்று எழுத்தில் மருந்தின் பெயர். இரவு முழுக்கச் சூட்டில் வைத்து எடுத்தால், பால் ஆடை படிந்தது போலத் தட்டு முழுவதும் பாக்டீரியா வளர்ந்திருக்கும். மருந்து வேலை செய்யும் இடத்தில் மட்டும் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் தெரியும். ஆம்பிசிலினைச் சுற்றி நல்ல அகலமான வட்டம் இருந்தது. வான்கோமைசினைச் சுற்றியும் இருந்தது, பெருமூச்சு விட்டேன். டெட்ராசைக்ளினைச் சுற்றி எதுவும் இல்லை. வில்லையின் விளிம்பை ஒட்டி, இடைவெளி என்று சொல்ல ஒரு மயிரிழைகூட இல்லாமல், பாக்டீரியா வளர்ந்திருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். அந்த வில்லை இருப்பதே அதற்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

சாகவில்லை என்பது தெரிந்துவிட்டது. பிறவிக் குணமா, கைமாற்றா என்பதுதான் பாக்கி. ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை செய்யும் என் தோழியிடம் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவள் முதலில் ஜீனைத் தேடினாள். டெட்ராசைக்ளினை எதிர்க்கும் டெட்-எம் என்ற ஜீன் இருந்தது. "இருக்கிறது என்பதோடு விட்டுவிடாதே, கிளம்பிப் போகிறதா என்றும் பார்த்துவிடலாம்" என்றாள். அவளிடம் சோதனைக்கென்றே வைத்திருக்கும் ஒரு என்டரோகாக்கஸ் இருந்தது. பிளாஸ்மிட் எதுவும் இல்லாதது, டெட்ராசைக்ளினுக்குச் சாவது, ஆனால் ரிஃபாம்பிசினுக்குச் சாகாதது. பொட்டலத்தின் பாக்டீரியாவையும் இதையும் ஒரு மெல்லிய வடிதாளின் மேல் சேர்த்து ஓர் இரவு விட்டாள். பிறகு இரண்டு மருந்தும் கலந்த தட்டில் பரப்பினாள். பொட்டலத்து பாக்டீரியா ரிஃபாம்பிசினில் சாகும். சோதனைப் பாக்டீரியா டெட்ராசைக்ளினில் சாகும். இரண்டும் இருக்கிற தட்டில் யாராவது உயிரோடு வந்தால், இரவில் ஒரு கைமாற்று நடந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டையும் தனித்தனியே பரப்பிய தட்டுகளும் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இருந்தன.

மூன்றாம் நாள் காலை அவள் போனில் ஒன்றும் சொல்லவில்லை, நேரில் வா என்றாள். தனித்தனியே பரப்பிய தட்டுகள் இரண்டும் வெறுமையாக இருந்தன. சேர்த்துப் பரப்பிய தட்டில் 17 புள்ளிகள். பேனா முனையால் தட்டின் அடியில் ஒவ்வொன்றாக வட்டம் போட்டு எண்ணினேன். இரண்டாம் தடவையும் 17. அந்தப் புள்ளிகளிலிருந்து எடுத்துப் பார்த்தபோது அவற்றிலும் டெட்-எம் இருந்தது. முந்தாநாள் வரை அந்த ஜீனையே அறியாத பாக்டீரியா அது. கோடிக்கணக்கில் கலந்ததில் 17 தானே என்று யாரும் சொல்லலாம். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அப்படிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் ஒன்று வந்தாலே போதுமே. மருந்து இருக்கிற இடத்தில் மற்றவை செத்து இடம் விட, அந்த ஒன்று பெருகும்.

இது ஒரு பொட்டலம், ஒரு பேட்ச், ஓர் ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனை. எல்லாப் பொடிகளும் இப்படி என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கம்பெனியின் பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை.

மாமாவின் தொட்டியில் ஒரு நாள்

அன்று இரவு தூக்கம் வரவில்லை, எழுந்து கணக்குப் போட்டேன். டன்னுக்கு 500 கிராம் பொடி, கிராமுக்கு 100 கோடி என்றால், ஒரு கிராம் தீவனத்தில் 5 லட்சம் பாக்டீரியா. முட்டைக்கோழி ஒரு நாளைக்குச் சுமார் 110 கிராம் தின்னும். ஆக ஒரு கோழியின் வயிற்றுக்குள் தினமும் ஐந்தரைக் கோடி. 10,000 கோழிக்கு 55,000 கோடி. அதில் பாதிதான் உயிரோடு போகிறது என்று வைத்தாலும், அதில் பத்தில் ஒரு பங்குதான் என்டரோகாக்கஸ் என்று வைத்தாலும், எண் சிறிதாக மாட்டேன் என்கிறது. அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. கோழி முட்டை இடுகிற ஓர் ஆண்டுக்கு மேலான காலம் முழுக்க, காலைத் தீவனம் போடும்போதெல்லாம்.

மருந்து எச்சம் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். முட்டையில் எச்சம், கறியில் எச்சம், டில்லியில் 2014-ல் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்து 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்ததாகச் சொன்னது. அது முக்கியமான வேலை. ஆனால் எச்சம் என்பது உயிரில்லாத பொருள். மருந்தை நிறுத்தினால் நாளடைவில் கழிந்து போகும். பாக்டீரியா பெருகுகிற பொருள். பொடியை நிறுத்தினால் அந்தப் பாக்டீரியா குடலிலிருந்து மெல்ல வெளியேறிவிடலாம், ஆனால் அது போகும் முன் யாரிடம் எதைக் கைமாற்றிவிட்டுப் போனது என்பது நம் கையில் இல்லை. களை விதையை நாமே விதை நெல்லோடு கலந்து, நாமே உழுது, நாமே தண்ணீர் பாய்ச்சினால் எப்படியோ அப்படி.

மறுபடி அந்த வரிக்கு வருகிறேன். ஆன்டிபயாடிக் மருந்துகளோடு சேர்த்தும் கொடுக்கலாம். டெட்ராசைக்ளின் பட்ட பாக்டீரியாவில் டி.என்.916 வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகமாகத் தாவும் என்பதை ஆய்வுக்கூடத்தில் 1990-களிலேயே பார்த்துவிட்டார்கள். ஆபத்தை உணர்ந்து அடுத்த வீட்டுக்குத் தாவுகிற மாதிரி. என் தோழியின் சோதனையில் தாவியது டி.என்.916-ஆ வேறொன்றா என்று நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் தாவுகிற டெட்-எம் உள்ள பாக்டீரியாவையும் டெட்ராசைக்ளினையும் ஒரே குடலுக்குள் 5 நாள் சேர்த்து வைப்பதுதான் அந்த வரி சொல்லும் யோசனை. ஆய்வுக்கூடத்தில் ஒருவர் ஜீனைத் தாவவைக்க வேண்டும் என்று திட்டமிட்டால் இதைத்தான் செய்வார். பண்ணையில் அதை நல்லெண்ணத்தோடு, காசு கொடுத்து, கோழியின் நலனுக்காகச் செய்கிறோம். நினைக்க நினைக்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கோழிக் குடலில் நடப்பது கோழிக் குடலோடு நிற்குமா என்றால், நிற்காது என்று ஐம்பது வருடத்துக்கு முன்பே ஒரு பண்ணை காட்டிவிட்டது. அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஸ்டுவர்ட் லெவி செய்த ஆய்வு, 1976-ல் வெளிவந்தது. தீவனத்தில் டெட்ராசைக்ளின் கலந்த ஒரே வாரத்தில் கோழிகளின் குடல் பாக்டீரியா ஏறக்குறைய முழுக்க அந்த மருந்தை எதிர்ப்பவையாகிவிட்டன. அதற்குமேல் 5, 6 மாதங்களில் பண்ணையில் வாழ்ந்தவர்களின் மல மாதிரிகளில் 31.3 சதவீதத்தில் பெரும்பாலான பாக்டீரியா எதிர்ப்பவையாக இருந்தன. அக்கம்பக்கத்து வீட்டாரிடம் அது 6.8 சதவீதம்தான். அந்தப் பண்ணை மனிதர்கள் மருந்தைத் தொட்டுக்கூடச் சாப்பிடவில்லை, கோழிகளோடு வாழ்ந்தார்கள், அவ்வளவுதான். அத்தை தினமும் கூண்டுக்கு அடியில் குனிந்து உடைந்த முட்டையைப் பொறுக்குவது என் கண் முன்னால் வந்தது. வெறுங்கையோடுதான்.

சுத்தமாகச் செய்ய முடியும்

புரோபயாடிக்கே, அதாவது இப்படி நல்ல பாக்டீரியாவைக் கொடுப்பதே வேண்டாம் என்று நான் சொன்னால் அது பெரிய தவறாகிவிடும். மாமா மருந்திலிருந்து வெளியே வந்த வழி அதுதான். கொலிஸ்டின் ஞாபகம் இருக்கிறதல்லவா? தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறெதுவும் கேட்காதபோது டாக்டர்கள் கடைசியாக எடுக்கும் மருந்தை, கோழி எடை போடுவதற்காகத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தோம். சீனாவில் அதை எதிர்க்கும் எம்.சி.ஆர்.-1 என்ற ஜீன் பிளாஸ்மிட்டில் இருப்பதை 2015-ல் கண்டுபிடித்த பிறகுதான் உலகம் விழித்தது. இந்தியாவில் 2019 ஜூலையில் கால்நடைக்கும் கோழிக்கும் மீனுக்கும் அதைத் தடை செய்தார்கள். ஐரோப்பாவில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதே 2006 முதல் கிடையாது. இந்த மருந்துகள் விட்டுப்போன இடத்தை எதையாவது கொண்டு நிரப்பித்தான் ஆக வேண்டும். நல்ல பாக்டீரியா கெட்ட பாக்டீரியாவுக்கு இடம் விடாமல் குடலை நிரப்பிக்கொள்வது உண்மையான, பயனுள்ள வழி. என் கவலை அந்த வழி கெட்டுப்போகக் கூடாது என்பதுதான்.

அதைச் சுத்தமாகச் செய்ய முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த ஒரு கதை உண்டு. பெரு நாட்டுத் தாய் ஒருவரின் தாய்ப்பாலிலிருந்து எடுத்த லாக்டோபேசில்லஸ் ரியூட்டெரி ரகம் ஒன்று மனிதர்களுக்கான புரோபயாடிக்காக வெகுநாள் விற்பனையில் இருந்தது. பிறகு பார்த்தால் அதில் இரண்டு பிளாஸ்மிட்கள். ஒன்றில் டெட்ராசைக்ளினை எதிர்க்கும் ஜீன், மற்றதில் லிங்கோமைசினை எதிர்க்கும் ஜீன். ஆய்வாளர்கள் அந்த பாக்டீரியாவிலிருந்து இரண்டு பிளாஸ்மிட்களையும் நீக்கி, நல்ல குணங்கள் அப்படியே இருக்கின்றனவா என்று சோதித்து, புதிய ரகத்துக்குப் புது எண் கொடுத்து, 2008-ல் அதை வெளிப்படையாக எழுதினார்கள். இன்று பச்சைக் குழந்தைகளுக்குக் கொடுப்பது அந்தச் சுத்தமான ரகத்தைத்தான். தவறைக் கண்டுபிடித்து, மறைக்காமல், திருத்தி, திருத்தியதைச் சொல்லவும் செய்தார்கள். கண்டிப்புக்கும் உதாரணம் உண்டு. ஜப்பானிலிருந்து வந்த பேசில்லஸ் டோயோனென்சிஸ் ஐரோப்பாவில் பன்றி, கோழி, முயல் தீவனத்தில் அனுமதியோடு இருந்தது. டெட்ராசைக்ளினையும் குளோராம்ஃபெனிகாலையும் எதிர்க்கும் திறன் அதில் இருப்பது தெரிந்ததும் 2013-ல் அனுமதியை நிறுத்திவைத்தார்கள், 2015-ல் மறுத்தேவிட்டார்கள். 2018 முதல் தீவனத்தில் போடும் பாக்டீரியாவின் முழு மரபணு வரிசையையும் அங்கே கேட்கிறார்கள். நம் நாட்டிலும் மனிதர் உண்ணும் புரோபயாடிக்குக்கு 2011-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து வழிகாட்டுதல் போட்டு, கைமாறக்கூடிய எதிர்ப்புத் திறன் இருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கின்றன. மனிதர் வாய்க்கு ஒரு நியாயம், கோழி வாய்க்கு வேறு நியாயம் என்று இருக்கக் கூடாது. அந்தக் கோழியின் முட்டையைத்தானே நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாரத்துக்கு 5 நாள் சத்துணவில் சாப்பிடுகிறார்கள்.

மாமாவிடம் சொன்னது

இதையெல்லாம் மாமாவிடம் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. பயம்தான் காரணம். "அப்ப பழைய மருந்துக்கே போயிடறேன்" என்று சொல்லிவிட்டால்? பாடுபட்டு நல்ல பக்கம் வந்த மனிதரைத் திரும்பவும் தள்ளிவிட்ட பாவம் என்னைச் சேரும். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டுகளின் போட்டோவைப் போனில் எடுத்துக்கொண்டு போனேன். கொட்டகை வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, வில்லை, வட்டம், 17 புள்ளி என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். மாமா பத்தாவதோடு நின்றவர். ஆனால் நெல் விதை, கடலை விதை, கோழிக்குஞ்சு என்று ஆயுள் முழுக்க உயிருள்ளதை வாங்கிப் பெருக்கினவர். பெருகுகிற பொருளில் கலப்படம் என்றால் என்ன என்று அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. போட்டோவை விரலால் பெரிசாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "சான்று விதை வாங்குனா மூட்டையில நீல அட்டை தொங்குதல்ல? முளைப்பு எவ்வளவு, களை விதை எவ்வளவுன்னு கணக்கு இருக்குமே. அந்த மாதிரி இதுக்கு ஒண்ணும் கெடையாதா அம்மணி?"

மூன்று வாரமாக நான் எப்படிச் சொல்வது என்று தவித்ததை அவர் ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார். அந்த நீல அட்டைதான் வேண்டும். எந்த ரகம், அதற்கு எந்த நுண்ணுயிரிச் சேமிப்பகத்தில் என்ன எண், எந்த மருந்துக்குச் சாகும், எதற்குச் சாகாது, சாகாததற்குக் காரணம் பிறவிக் குணமா கைமாற்றா. இவ்வளவும் ஓர் உள்ளங்கை அட்டையில் அடங்கும். அங்கேயே உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் பொடி விற்கும் பையனுக்குப் போன் போட்டு, எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாகக் கேட்டார். "அதெல்லாம் கம்பெனியிலதான் கேக்கோணுமுங்க, கேட்டுச் சொல்றேனுங்க" என்றான் அவன். அவன் மேல் எனக்குக் கோபமில்லை, அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். பதில் வரவில்லை. இரண்டாம் முறை கேட்டபோதும் வரவில்லை. வேறொரு கம்பெனியிடம் அதே காகிதத்தை நீட்டியபோது அவர்கள் ரக எண்ணையும் சோதனை அறிக்கையையும் அனுப்பினார்கள். மாமா அதை எனக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டார், படித்துப் பார்த்து சரி என்றேன். இப்போது தொட்டியில் அந்த பேசில்லஸும் ஈஸ்ட்டும்தான். மருந்து கொடுக்கிற நாட்களில் பேசில்லஸையும் நிறுத்திவிடுகிறார். முட்டை எண்ணிக்கை குறையவில்லை என்று கூண்டுவாரியாக எழுதிய நோட்டைக் காட்டினார்.

மிச்சமிருந்த மூன்று பழைய பொட்டலங்களை என்ன செய்வது என்று அவர் கேட்டார். "எருக்குழியில கொட்டிரட்டுமா?" வேண்டாம் மாமா, நான் எடுத்துப் போகிறேன் என்றேன். கல்லூரி ஆய்வுக்கூடத்தில், நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் வைத்து 121 டிகிரியில், வழக்கமான 15 நிமிடத்துக்குப் பதிலாக 40 நிமிடம் விட்டேன். திறந்தபோது பாகு கருகின வாசம் வந்தது. பொடி கட்டி கட்டியாகப் பழுப்பேறிக் கிடந்தது. சாயங்காலம் போனில் சொன்னேன், எல்லாம் முடிந்தது என்று. மாமா உடனே பதில் சொல்லவில்லை. பின்னால் கோழிகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "அது சரி. போன வருஷத்து எருவெல்லாம் குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் போயிருச்சே" என்றார். கீழ்க்காட்டு மண்ணில் ஒரு பிடி, கிணற்றோரத்து மண்ணில் ஒரு பிடி, எரு போகாத மேட்டு மண்ணில் ஒரு பிடி, தனித்தனிப் பையில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை போய் வாங்கி வர வேண்டும்.